அடிக்காத சென்சார்

சைரன் அலறியதும் எல்லோரும் ஓடினார்கள். ஒருவன் மட்டும் எதிர்த் திசையில் ஓடினான்.

ஓடியவர்களைத்தான் பயிற்சி டீச்சர் ஷோல்பான் கவனித்திருக்க வேண்டும். கம்பத்து உச்சியில் பறக்கும் துணியைப் பார்த்துக் காற்றின் திசை தெரிந்துகொண்டு ஓடுகிறார்களா, போகிற போக்கில் சிவப்புப் பொத்தானை அடிக்கிறார்களா, ஓடிப்போய் நின்ற இடத்தில் தலை எண்ணுகிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுவதற்காகத்தான் அவள் யாருக்கும் சொல்லாமல் சுவருக்குப் பின்னால் நின்று சோதனை வாயுக் குப்பியைத் திறந்தாள். அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று பயிற்சி முற்றத்துச் சென்சாருக்குக் கீழே ஒரு சாண் தள்ளித் தொங்கியது. வாயு பட்டதும் சென்சார் சிவந்தது. சைரன் கத்தியது. எல்லாம் அவள் போட்ட திட்டப்படிதான் நடந்தது.

தொக்தார் மட்டும் திட்டத்தில் இல்லை.

ஓடும்போதே அவன் பஞ்சுக் கோட்டைக் கழற்றிவிட்டான். சென்சாரின் மேல் அதைப் போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, கோட்டுக் கைகள் இரண்டையும் இழுத்துக் கீழே ஒரு முடிச்சு. குழந்தையைத் துணியில் சுற்றும் தாய்க்குக்கூட அந்த லாகவம் வராது. வாயு உள்ளே போக வழியில்லாமல் சைரன் தேய்ந்து நின்றது. அதோடு அவன் நிற்கவில்லை. இடது பக்கம் திரும்பி, அங்கே இல்லாத யாருக்கோ, கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காற்றில் ஒரு வட்டம் போட்டான்.

சுரங்கத்துக்குள் விளக்கை அப்படிச் சுழற்றினால், 'ஓட்டு' என்று அர்த்தம். வெட்டும் இயந்திரத்தை நிறுத்தாதே, ஓட்டு.

ஓடிப்போய் நின்றிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். தாத்தார் இனத்து ரினாத், "டேய், கரியையும் காணோம், இயந்திரத்தையும் காணோம், எத வெட்டச் சொல்றே?" என்று கத்தினான். சிரிப்பு இன்னும் கொஞ்சம் பெருத்தது. பிறகு சுவருக்குப் பின்னாலிருந்து ஷோல்பான் வெளியே வந்தாள். சிரிப்பு கத்தியால் அறுத்தது போல நின்றது. தொக்தார் தன் கையையே, அது வேறு யாருடைய கையோ என்பது போல, பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் எல்லோருமே மேற்குச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். கரகண்டாப் பக்கத்து நிலக்கரிக்குள் மீத்தேன் குடியிருக்கிறது. கரியை வெட்ட வெட்ட அது வெளியே வரும். வந்த வழியில் ஒரு பொறி கிடைத்தால் போதும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் நான்கு பேர் போனார்கள். அப்புறம் சுரங்கம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. இப்போது புதிதாக ஒரு கம்பெனி வந்திருக்கிறது. மனிதர்களைக் கீழே அனுப்பாமல் தரையிலிருந்தே கரிப் படுகைக்குத் துளை போட்டு, அதிலிருக்கும் தண்ணீரை இறைத்து, பின்னால் வரும் வாயுவைப் பிடித்து, குளிர வைத்துத் திரவமாக்கி லாரியில் ஏற்றப் போகிறார்கள். கீழே இருந்தவரை ஆளைக் கொன்ற வாயு, மேலே வந்ததும் சம்பளம் கொடுக்கும் என்றார்கள். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. பாஸ் செய்தால் கார்டு. கார்டு இருந்தால் வேலை. இல்லாவிட்டால் அந்த ஊரில் தெருவில் பனி அள்ளும் வேலைகூட இல்லை. அதற்கும் முன்னாள் சுரங்கத்துக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

வகுப்பு நடந்தது சுரங்கத்தின் பழைய குளியல் கூடத்தில். உடை மாட்டும் கொக்கிகள் இன்னும் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கின. முதல் நாளே ஒவ்வொருவரும் அவரவர் பழைய கொக்கிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு கொக்கியின் கீழ் மட்டும் யாரும் உட்காரவில்லை. அது ஒரால்பெக்கின் கொக்கி. ஷோல்பானின் புருஷன்.

ஒரால்பெக் குழுத் தலைவராக இருந்தவர். அவர் குழு வெட்டிய அளவுக்குக் கரியை வேறெந்தக் குழுவும் வெட்டியதில்லை. சுரங்க வாசலில் கண்ணாடிப் பலகைக்குள் அவர் படம் பல வருஷம் சிரித்தது. அவர் இருந்தவரை ஷோல்பான் விளக்கறையில் விளக்கு கொடுத்து வாங்கும் வேலை பார்த்தாள். அவர் போன பிறகு, நாற்பது வயதுக்கு மேல், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாயுப் பாதுகாப்புப் படித்தாள். ஏன் படித்தாள் என்று ஒவ்வொரு புதுக் கூட்டத்துக்கும் முதல் நாள் அவளே சொல்லிவிடுவாள். ஒரால்பெக்கின் படத்தைத் திரையில் போடுவாள். "இவர் என் வீட்டுக்காரர். அன்னிக்கு சென்சார் அடிக்கல. அது செத்துக் கிடந்தது. அதனால இவர் செத்தார். நீங்க எத மறந்தாலும், காலைல வந்ததும் சென்சாருக்கு உசுரு இருக்கான்னு பாருங்க," என்பாள். சுரங்கத்து ஆட்கள் எல்லோரும் தலை குனிந்து அமைதியாக இருப்பார்கள். அந்த அமைதியை அவள் மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

சென்சார் அடிக்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தொக்தார் சொன்னான். அந்தக் குழுவில் பிழைத்தவன் அவன் ஒருவன்தான். இடது காது உருகிக் கழுத்தோடு ஒட்டிப்போன நிலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி விசாரணை அதிகாரியிடம் சொன்னான்: சென்சார் அடிக்கவே இல்லை. அந்த ஒரு வாக்குமூலத்தில்தான் குற்றம் சுரங்கத்தின் மேல் விழுந்தது. தொழிலாளி செய்த தப்பு என்று முடிவாகியிருந்தால் விதவைகளுக்கு வீடும் கிடைத்திருக்காது, உதவித்தொகையும் கிடைத்திருக்காது என்று தொழிற்சங்கத்தார் அப்போதே காதில் போட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று அவன் கை வேறு வாக்குமூலம் கொடுத்துவிட்டது.

பயிற்சி மையத்தின் தலைவர் கென்ரிக் அதாமோவிச் ஜெர்மானிய வம்சத்தவர். அறுபதைத் தாண்டியவர். வாழ்க்கை முழுவதையும் அதே சுரங்கத்தில் கழித்தவர். ஷோல்பான் போய் நின்றபோது பால் விட்ட தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அவள் சொல்வதை முழுசாகக் கேட்டார்.

"ஃபெயில்தானே? போட்டுட வேண்டியதுதான். நீதான் பரீட்சை வச்சவ."

"ஃபெயில் பத்தி நான் பேசல, கென்ரிக் அதாமோவிச். அன்னிக்கு சென்சார் அடிச்சிருக்கு. இவன் மூடியிருக்கான்."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். எல்லாக் குழுக்களும் அதைச் செய்ததுண்டு என்றார். சென்சார் அடித்தால் மின்சாரம் தானாக அறுந்துவிடும், இயந்திரம் நின்றுவிடும், காற்றோட்டம் சரியாகும்வரை எல்லோரும் கையைக் கட்டி உட்கார வேண்டும். மாசக் கடைசியில் கரியின் அளவு குறைந்தால் மேலே இருந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். அதில் வாயு என்ற வார்த்தை இருக்காது. கோட்டுப் போட்டார்கள், ஈரத் துணி போட்டார்கள், சிலர் நல்ல காற்றுக் குழாயை அதன் மூக்கில் கட்டிவிட்டார்கள். தனக்கும் தெரியும், தனக்கு மேலே இருந்தவர்களுக்கும் தெரியும் என்றார். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். ஏப்ரல் பனி கரித்தூள் படிந்து கறுப்பாகக் கிடந்தது.

"எல்லாரும் செஞ்சது வேற. இவன் செஞ்சு நாலு பேரு செத்திருக்காங்க. செத்தவங்க வீட்டுல வந்து உக்காந்து அழுதான். வருஷ திதி விருந்துக்குக் குதிரை அறுத்தப்ப முன்னால நின்னு வேலை செஞ்சான். அஞ்சு வருஷமா என் மூஞ்சியப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கான்."

"தோண்டாத, ஷோல்பான். இந்த ஊர்ல தோண்டினா கரி மட்டுமா வருது?"

"எனக்குத் தெரிஞ்சாகணும்."

"தெரிஞ்சு?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். ஒரு செத்த கருவியின் மேல் கோபப்பட்டுத்தான் அவள் ஐந்து வருஷத்தை ஓட்டியிருந்தாள். கருவியின் மேல் கோபப்படுவது சுலபம். அது வீட்டுக்கு வந்து தேநீர் குடிப்பதில்லை.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அவனைப் பிடித்தாள். காற்று ஆளைத் தள்ளியது. தொக்தார் கோட்டுப் போடாமல் கைக்குள் சுருட்டி வைத்திருந்தான். அதை மறுபடி உடம்பில் மாட்ட மனம் வரவில்லை போலிருக்கிறது. உதடு நீலம் பூத்திருந்தது.

வகுப்பில் அவன் அவளை டீச்சர் என்பான். வெளியே அண்ணி. பதினெட்டு வயதில் ஒரால்பெக்கின் குழுவுக்கு வந்தவன். அவன் கல்யாணத்துக்கு மணப்பெண்ணின் முகத்திரையை விலக்கும்போது பக்கத்தில் நின்று மாவுருண்டையும் மிட்டாயும் வாரி இறைத்தவள் ஷோல்பான்தான்.

"ஒரே கேள்வி," என்றாள். "அன்னிக்கு அடிச்சுதா, இல்லையா?"

அவன் சாலையைப் பார்த்தான்.

"உனக்கு பாஸ் போடுறேன். நாளைக்குக் கார்டு உன் கைல இருக்கும். மறு வாரம் வாயுக் கிணத்துல வேலைக்குச் சேர்ந்துடலாம். உள்ளத மட்டும் சொல்லு."

"ஃபெயில் போட்டுருங்க, டீச்சர்."

வெளியே நின்றும் டீச்சர் என்கிறான். அவளுக்குச் சுருக்கென்றது.

"உம் பொண்டாட்டிக்கு எத்தனை மாசமா வேலை இல்ல? ரெண்டு புள்ளைங்களுக்கு எதப் போட்டு ஆக்குவே? கௌரவத்தயா?"

"தெரியல. ஆனா நீங்க ஃபெயில் போடுங்க. கையி தப்புச் செஞ்சுச்சு, எல்லாரும் பார்த்தாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

பேருந்து வந்தது. அவன் ஏறிக்கொண்டான். கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய உருகிய காதுதான் அவள் பக்கம் இருந்தது. அந்தக் காது வழியாக அவனுக்கு எதுவும் கேட்காது.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். இவன் மூடினான். வெடித்தது. தான் ஜெயிலுக்குப் போகாமல் இருக்கச் சென்சார் மேல் பழியைப் போட்டான். இதைத் தவிர வேறென்ன? குற்றமில்லாதவன் எவனாவது ஃபெயில் போடு என்று கெஞ்சுவானா?

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசி நாள். வெள்ளிக்கிழமைகளில் ஷோல்பான் விடிகாலையில் எழுந்து, எண்ணெய் காயும் வாசனை செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில், ஒரால்பெக்கின் பேரில் ஏழு ரொட்டி சுடுவாள். மெல்லிய, வட்டமான, எண்ணெயில் பொரித்த ரொட்டி. செத்தவர் பேரில் சுட்டதை நாலு பேர் பிட்டுச் சாப்பிட்டு வேண்டிக்கொள்ள வேண்டும். சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை புண்ணியம். அதனால் வகுப்புக்குக் கொண்டுவருவாள்.

அன்று கூடத்தில் கொஞ்சம் திருவிழாக் களை இருந்தது. பரீட்சைக்கு முன்பே எல்லோர் பேருக்கும் அச்சாகி வந்த கார்டுகள் மேசைமேல் அடுக்கியிருந்தன. முற்றத்தில் திரவ வாயுத் தொட்டியின் குழாய் உறைபனி பூத்து வெள்ளையாக நின்றது. மைனஸ் நூற்று அறுபத்திரண்டு டிகிரி என்று ஷோல்பான் முதல் வாரம் பாடம் எடுத்தபோது, "நம்ம ஊரு ஜனவரிக்கு அது தங்கச்சி முறை" என்று ரினாத் சொல்லியிருந்தான். இன்று அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டார்கள். தொக்தாரும் வந்திருந்தான். கார்டு இல்லை என்று தெரிந்தும் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, தன் கொக்கிக்குக் கீழே போய் உட்கார்ந்தான்.

கென்ரிக் அதாமோவிச் கார்டுகளை எடுக்கப் போனபோது, ரொட்டி முதலில் என்றாள் ஷோல்பான்.

இருந்தவர்களில் மூத்தவர் செய்த்கலி. அவர்தான் வழக்கமாக வேண்டுதல் சொல்வார். சொன்னார். எல்லோரும் உள்ளங்கைகளை விரித்து வைத்திருந்து, முடிந்ததும் முகத்தில் தடவிக்கொண்டார்கள். ஷோல்பான் தட்டை எடுத்து ஒவ்வொருவராக நீட்டினாள். பிட்டு எடுத்தார்கள். ரினாத் வழக்கம்போல இரண்டு பிட்டான். தொக்தாரின் முன்னால் வந்ததும் அவன் கை நீண்டது.

தட்டு நிற்காமல் அடுத்த ஆளிடம் போனது.

நீண்ட கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மடிக்குப் போய்விட்டது.

அடுத்த ஆள் ரொட்டியை எடுக்கவில்லை. வாயில் போட்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். அந்த ஊரில் கடன்காரனைத் துரத்துவார்கள், குடிகாரனை வெளியே தள்ளுவார்கள். செத்தவர் பேரில் சுட்ட ரொட்டியை மட்டும் ஒருவருக்கும் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை.

"மருமகளே," என்றார் செய்த்கலி. சுரங்கத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் அவள் மருமகள்தான். "கோவத்த ரொட்டியில காட்டாத. வந்து விழுந்த எதிரிக்கும் குடுக்கணும் இத."

"எதிரியா இருந்தா குடுத்திருப்பேன், மாமா. கூடவே இருந்தவனாச்சே இவன்."

"வேண்டாம் தாயி."

"எல்லாரும் நேத்து பார்த்தீங்கல்ல? அந்தக் கையப் பார்த்தீங்கல்ல? சென்சார் செத்துக் கிடந்துச்சுன்னு ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் பாடம் நடத்துறேன். அது சாகல. இவன் மூடினான். மூடிட்டு ஓட்டுன்னு கை காட்டினான். உள்ள என் வீட்டுக்காரர் இருந்தாரு."

அதிர்ச்சி இல்லை அவர்கள் முகத்தில். அதை அவள் அப்போதாவது கவனித்திருக்கலாம். புதிதாக ஒன்றைக் கேட்டவர்களின் முகம் அப்படி இருக்காது. ரினாத் தலையைத் தூக்கிக் கூரையில் தொங்கும் கொக்கிகளை எண்ணுகிறவன் போல இருந்தான். செய்த்கலி தன் பூட்ஸ் கயிற்றைப் பார்த்தார். கென்ரிக் அதாமோவிச் மட்டும் தாழ்ந்த குரலில், "ஷோல்பான், போதும்," என்றார். அது அதட்டல் போல இல்லை. கெஞ்சல் போல இருந்தது.

அவள் நிறுத்துவதாக இல்லை. மேசைக்குப் போய் அடுக்கிலிருந்து தொக்தாரின் கார்டை உருவி எடுத்தாள். அவன் முன்னால் வந்து நின்றாள்.

"இங்க பாரு. நான் டீச்சர். ஒரு கை எத்தன தடவ பழகினா இப்படி ஓடும்னு எனக்குத் தெரியும். யோசிக்காம கோட்டக் கழட்டுற. யோசிக்காம முடிச்சுப் போடுற. இது தானா வராது. யாரோ உன் கையப் பிடிச்சுப் பழக்கியிருக்கான். நீ அப்ப பதினெட்டு வயசுப் பய. உன் மேல பாதித் தப்புதான். மீதி அவன் மேல. அவன் பேரச் சொல்லு."

தொக்தார் எழுந்து நின்றான்.

"சூப்பர்வைசரா? மேல இருந்தவனா? பேரச் சொல்லு. இந்தா உன் கார்டு. அவன் இப்ப எந்தக் கிணத்துல, எந்த ஆலையில உக்காந்திருந்தாலும் அவன் கார்டப் பிடுங்காம விடமாட்டேன். அவன் சோத்துல மண்ணப் போடுறேன். அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு அவன் பொண்டாட்டிகிட்டச் சொல்றேன், உம் புருஷன்தான் நாலு பேரக் கொன்னான்னு."

"அண்ணி, விட்டுருங்க."

"சொல்ல மாட்டே?"

அவன் தலையை ஆட்டினான். மாட்டேன் என்று.

ஷோல்பான் கார்டை மேசைமேல் எறிந்தாள். தட்டில் மிச்சமிருந்த ரொட்டியின் மேல் துணியை இழுத்து மூடினாள்.

"அப்ப இதத் தொடாத. இன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்கும். அவரோட குழிக்கும் வராத. வருஷா வருஷம் வந்து மண்ணத் தடவிக் கண்ணீர் விட்டியே, அந்த வேஷம் போதும். ஒரால்பெக் பேர உன் வாயால சொல்லக்கூட உனக்கு உரிமை கிடையாது."

கார்டு போனபோது அசையாத முகம் அப்போது அசைந்தது. ஒட்டிப்போன காதிலிருந்து கழுத்துவரை சிவப்பு ஏறியது. செய்த்கலி எழுந்து, "தொக்தார், உக்காருடா," என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். ரினாத்தும் எழுந்துவிட்டான். தொக்தார் இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தான். துணிக்கு மேல் கையை வைத்தான். எடுக்கவில்லை, வைத்தான், அவ்வளவுதான்.

"கார்ட நீங்களே வச்சுக்குங்க அண்ணி, ரொட்டிய மட்டும் மறுக்காதீங்க, எனக்கு அதப் பழக்கிவிட்டவர் பேர்லதான் நீங்க இதச் சுட்டிருக்கீங்க."